சேம்பர் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றி ஒட்டுவது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சின்ன கார். சேம்பர் முழுக்க ஆயில் நனைந்திருக்கிறது. கழற்றி ஒட்டிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இன்ஜினில் எங்கே கசிந்தாலும் ஆயில் கடைசியில் வந்து சேரும் இடம் சேம்பர்தான். ராக்கர் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஃபில்டர், கிராங்க்கின் (இன்ஜினுக்குள் சுழலும் தண்டு) முன் சீல், பின் சீல் என எது விட்டாலும் சேம்பர் நனையும். டிகிரீசர் போட்டுக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அங்கேதான் ஊற்றுக்கண். ஓரமெல்லாம் காய்ந்து, ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டில் மட்டும் துளி நின்றால், புது வாஷரோடு வேலை முடிந்தது.

கேள்வி: போல்ட் எல்லாம் எடுத்தாச்சு சார். சேம்பர் அசையவே மாட்டேங்குது. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பலாமா?

பதில்: கூடாது. முதலில் போல்ட்டை மறுபடி எண்ணுங்கள். அலுமினிய சேம்பர் என்றால் கியர்பாக்ஸ் பக்கமிருந்தும் சில போல்ட் வரும்; ஆழமான குழிக்குள் அழுக்கு மூடி ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். எல்லாம் வந்துவிட்டது உறுதியென்றால், பிடித்திருப்பது பழைய சிலிகான், அதாவது ஒழுகாமலிருக்க ஓரத்தில் வைத்து ஒட்டிய பசை. சீல் வெட்டுவதற்கென்றே மெல்லிய தகடு கிடைக்கிறது. நீளமான பக்கத்தின் நடுவில் அதை அடித்து இறக்கி, பக்கவாட்டில் தட்டிக்கொண்டே போங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனி பிளாக்கில் (சேம்பர் ஒட்டும் இன்ஜின் உடல்) போடும் ஒரு கீறல் போதும், அடுத்த முறையும் அதே இடத்தில் ஒழுகும். நெம்ப வசதியாகச் சில சேம்பரில் மூலையில் காது போல் நீட்டி விட்டிருப்பார்கள். அங்கே மட்டும் நெம்பலாம்.

இன்னொன்று: வண்டி ஜாக்கி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள்.

கேள்வி: பழைய சிலிகானைச் சுரண்ட டிரில்லில் மாட்டும் உரசு வட்டு போட்டால் சீக்கிரம் ஆகுமே?

பதில்: சீக்கிரம் ஆகும், இன்ஜினும் சீக்கிரம் போகும். அந்த வட்டிலிருந்து உதிரும் தூள் கிராங்க்கிலும் சிலிண்டர் சுவரிலும் ஒட்டிக்கொண்டு, ஆயிலோடு சேர்ந்து பேரிங்கை அரைத்துவிடும். பிளாஸ்டிக் சுரண்டியும் பேக்கிங் கரைப்பானும் போதும். பொறுமைதான் வேண்டும்.

இந்த வேலையில் பாதிக்கு மேல் சுத்தம்தான். ஆயிலை வடித்த பிறகும் பிளாக்கிலிருந்து மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒட்டும் முகத்தில் ஒரு துளி இறங்கினால் அந்த இடத்தில் சிலிகான் பிடிக்காது. முடிந்தால் ஓர் இரவு அப்படியே வடிய விடுங்கள். பிறகு பிரேக் கிளீனர் நனைத்த துணியால், துணியில் கறை வராத வரை துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும், தீ அபாயம் வேறு. மரை உள்ள ஓட்டைகளையும் துடையுங்கள். மறுபக்கம் திறக்காத ஓட்டையில் ஆயில் தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் அலுமினியத்தை வெடிக்க வைக்கும்.

தகர சேம்பரில் போல்ட் ஓட்டையைச் சுற்றி உலோகம் பிதுங்கியிருக்கும். முன்னால் யாரோ இறுக்கித் தள்ளியதன் அடையாளம். ஓரத்தை மரக்கட்டையில் வைத்து, சுத்தியலால் தட்டிச் சமமாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: ஐயா, சிலிகான் எவ்வளவு வைக்க வேண்டும்? கொஞ்சம் தாராளமாகவே வைத்தால் நல்லதுதானே?

பதில்: மூன்று மில்லிமீட்டர் தடிமனில், எங்கும் அறுபடாத ஒரே கோடு. போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமாக ஓட வேண்டும். தாராளமாக வைத்தால் வெளியே பிதுங்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது தெரியாது. அது துண்டாக அறுந்து, பம்பு ஆயில் உறிஞ்சும் வாயிலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்தால் ஆயில் பிரஷர் விழுந்துவிடும். அதற்கு ஆயில் ஒழுகியதே மேல்.

கூடுதலாக ஒரு பொட்டு வைக்க வேண்டிய இடங்கள் உண்டு: டைமிங் கவர் (இன்ஜினின் முன் மூடி) பிளாக்கோடு சேரும் இரண்டு மூலை, கிராங்க்கின் பின் சீல் பிடிப்பான் சேரும் இரண்டு மூலை. மூன்று பாகங்கள் சந்திக்கும் இடம் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் திரும்ப ஒழுகும்.

ஆயில் தாங்கும் இன்ஜின் சிலிகான்தான் வேண்டும். குளியலறைக்குப் பூசுவது ஆயிலில் ஊறிக் கழன்றுவிடும். வைத்ததும் தோல் படிவதற்குள் சேம்பரை ஏற்ற வேண்டும். நேரம் டியூபிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடம். தலை அறுத்த நீள போல்ட் இரண்டை எதிரெதிர் மூலையில் வழிகாட்டியாக மாட்டிவைத்தால், சிலிகான் இழுபடாமல் சேம்பர் நேராக ஏறும்.

கேள்வி: எனக்கு கார்க் பேக்கிங் (இடையில் வைக்கும் தக்கைப் பட்டை) கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிலிகான் பூசட்டுமா?

பதில்: வேண்டாம். வழுக்கிக்கொண்டு, இறுக்கும்போது பேக்கிங் வெளியே பிதுங்கிவிடும். காய்ந்தபடியே போடுங்கள், மேலே சொன்ன நான்கு மூலையில் மட்டும் பொட்டு.

கேள்வி: இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லை. எவ்வளவு இறுக்குவது?

பதில்: ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாகப் பத்து நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், உங்கள் வண்டியின் அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ரெஞ்ச் இரவல் வாங்குவது உத்தமம். கிடைக்காவிட்டால் சின்ன ராட்செட்டின் கைப்பிடி நுனியை விட்டுத் தலைப்பக்கம் பிடித்து, மணிக்கட்டு பலம் மட்டும் கொடுங்கள். நடுவில் தொடங்கி, மாற்றி மாற்றி வெளியே போய், இரண்டு மூன்று சுற்றில் முடியுங்கள்.

கேள்வி: ஒட்டி ஒரு வாரம் ஆச்சு, லேசா ஈரம் தெரியுது. போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்குமா?

பதில்: நிற்காது. காய்ந்த சிலிகானை நசுக்கினால் ஒட்டு விட்டுப்போகும். கழற்றி மறுபடி ஒட்டுவதுதான் வழி. கார்க் என்றால் மட்டும் ஒருமுறை லேசாக இறுக்கிப் பார்க்கலாம்.

கேள்வி: ஆயில் எப்போது ஊற்றலாம்?

பதில்: டியூபில் போட்டிருக்கும் நேரம் கழித்து. ஒரு நாள் முழுக்க விட்டால் கவலையில்லை. புது ஃபில்டர் போடுங்கள், ஸ்ட்ரெய்னர் கழற்றியிருந்தால் அதன் ஓ ரிங்கும் (ரப்பர் வளையம்) புதிதாக வேண்டும். அது விட்டால் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும். ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுக்காமல் ஆயில் லைட்டைப் பாருங்கள். சில விநாடியில் அணையாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அணைந்தால் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் இறங்கியதும் டிப் ஸ்டிக்கில் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள்.