கணவன் மனைவி இருவராக முதுகில் பை சுமந்து மலையில் நாள் முழுக்க நடந்திருக்கிறீர்களா? சண்டை வராதா?

வரும். எங்களுக்குக் காலை ஒன்பது மணிக்கே வந்தது. ஒன்பதா, ஒன்பதேகாலா என்பதுதான் சண்டையே.

நாங்கள் கடலூர், மஞ்சக்குப்பம். எங்கள் பக்கம் மலை என்றால் கேப்பர் மலை, இல்லாவிட்டால் திருவந்திபுரம் ஔஷதகிரி. 74 படி ஏறி ஹயக்ரீவரைப் பார்த்துவிட்டு இறங்கினால் வேர்த்திருக்கக்கூட வேர்த்திருக்காது. அப்படிப்பட்ட நாங்கள் ஒரு நவம்பரில் போனது டார்ஜிலிங் பக்கம் இருக்கும் சந்தக்பூவுக்கு. 3,636 மீட்டர், மேற்கு வங்கத்திலேயே உயரமான இடம். மானேபஞ்சனில் தொடங்கி, இந்திய நேபாள எல்லையை ஒட்டி சிங்கலீலா முகட்டின் மேலேயே போகும் பாதை. வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். எங்களுக்கு ஒரு உள்ளூர்ப் பையன் வந்தான். இரண்டாம் நாளை மட்டும் சொல்கிறேன். தும்லிங்கிலிருந்து காலிபோக்ரி வரை, சுமார் 13 கிலோமீட்டர்.

இதற்காக இரண்டு மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பைக்குள் பத்து கிலோ ரேஷன் அரிசியைப் போட்டுக்கொண்டு நடந்தோம். "என்னம்மா, வீட்டுல எதுனா பிரச்சனையா? ஆளுக்கொரு மூட்டையோட கெளம்பிட்டீங்க" என்றார் சுண்டல் விற்கிற அக்கா. மணலில் நடந்தால் தொடை இறுகும், உண்மைதான். ஆனால் கடற்கரையில் இறக்கம் ஏது? அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

தும்லிங் 2,970 மீட்டர். காலிபோக்ரி 3,186. கணக்குப் பார்த்தால் 216 மீட்டர்தான் ஏற்றம், என்ன பெரிய விஷயம் என்று நினைத்தோம். நடுவில் கைரிபாஸ் இருக்கிறது, 2,621. முதல் நாள் மூச்சு வாங்க ஏறியதில் கிட்டத்தட்டப் பாதியைக் காலையிலேயே இறங்கித் தொலைத்துவிட்டு, மத்தியானம் மறுபடி ஏற வேண்டும்.

என் வீட்டுக்காரர் இறக்கத்தில் விறுவிறுவென்று போய்விடுவார். எங்காவது ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். நான் தள்ளாடி வந்து சேர்ந்த நொடியில் "போலாமா?" என்று எழுந்துவிடுவார். அவருக்கு ஓய்வு கிடைத்தாயிற்று, எனக்கு? ஜௌபாரியில் இதே கதை. "இருவத்தஞ்சு நிமிஷமா உக்காந்திருக்கேன்" என்று போனைக் காட்டினார். அதில் ஒன்பதேகால். என் கைக்கடிகாரத்தில் ஒன்பது. "பத்து நிமிஷத்தை இருவத்தஞ்சுன்னு சொல்றீங்களே" என்று நான் கத்த, வழிகாட்டிப் பையன் சிரித்தான். ஜௌபாரி நேபாள ஊர். அந்த நாட்டு நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால். அவர் போன் அங்கத்திய சிக்னலைப் பிடித்து நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது!

அதற்குப் பிறகு நான் முன்னால், அவர் பின்னால். மெதுவாக நடப்பவர் முன்னால் போனால் பாதிச் சண்டை குறையும். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

கைரிபாஸில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஷூவைக் கழற்றினால், அவர் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. நகம் வெட்டாமல் வந்திருக்கிறார். இறக்கம் முழுக்க விரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, இறங்கும்போது கணுக்கால் பக்கம் நாடாவை இறுக்கிக் கட்டினால் கால் முன்னால் சறுக்காது. பையும் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, பாரம் தோளில் இல்லாமல் இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும். நான் 58 கிலோ, என் பை 10. அவர் பையைக் குறைக்கலாம் என்று திறந்தால், மூன்று பிளாஸ்டிக் கவருக்குள் அரை கிலோ நெத்திலிக் கருவாடு. "அம்மா குடுத்தாங்க, வேணாம்னு எப்படிச் சொல்றது?" மாமியார் கொடுத்த கருவாடு என் பைக்கு மாறியது.

கயாகட்டா ஏற்றத்தில் ஒரு பழைய லேண்ட்ரோவர் எங்களைத் தாண்டிப் போனது. அந்தப் பாதையில் வண்டியும் ஓடும். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏறிக்கோங்க" என்றேன். "நீ?" "நான் நடந்து வரேன்." பேசாமல் நடந்தார்.

நவம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. நாலரைக்குக் காலிபோக்ரி சேர்ந்தோம். காலி என்றால் கறுப்பு, போக்ரி என்றால் குளம். பெயருக்கு ஏற்றபடி ஒரு கறுப்புக் குளம், சுற்றிலும் மந்திரம் அச்சிட்ட துணிக் கொடிகள். லேசாகத் தலைவலி இருந்தது. 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் நடுவே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பார்கள். அன்று தூங்கும் உயரம் கூடியது 216தான் என்பதால் பயப்படவில்லை. தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது.

தங்கிய வீட்டு அடுப்படியில் தயங்கித் தயங்கிக் கருவாட்டை எடுத்து வைத்தேன். நாற்றத்துக்கு விரட்டிவிடுவார்கள் என்று பயம். அந்த அக்கா கவரைப் பிரித்ததும் "சித்ரா!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். நேபாளியில் கருவாட்டுக்கு அதுதான் பேராம். வரமிளகாய் கிள்ளிப் போட்டு வறுத்து, பருப்புச் சோற்றோடு வைத்தார். இவர் வெந்நீர் பேசினில் காலை விட்டபடி மூன்று முறை சோறு வாங்கினார். சாப்பிட்டு முடித்துத்தான் கேட்டார், "இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கு?" தூரத்தையா கருவாட்டையா என்று நான் கேட்கவில்லை.