கூஜாவுக்கு எதற்கு வயசு?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு மிக்ஸி, குக்கர் என்று எல்லாரும் கொடுப்பதையே கொடுக்க மனசில்லை. தர்மபுரியில் பழம்பொருள் விற்கிற ஒரு கடையில் பித்தளைக் கூஜாவும் குத்துவிளக்கும் பார்த்தேன். “200 வருஷத்துப் பொருள், ஜமீன் வீட்டுச் சாமான்” என்று பெரிய விலை சொல்கிறார் கடைக்காரர். “நடுகல்கூட இருக்கு, வாசல்ல வெச்சா எடுப்பா இருக்கும்” என்கிறார். அம்மாவோ, அடுத்தவர் புழங்கிய பாத்திரத்தைச் சீராகக் கொடுப்பதா என்று கோபப்படுகிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: கூஜாவை வாங்குங்கள். 200 வருஷத்தை வாங்காதீர்கள்.

அடுத்த முறை போகும்போது, “லைசென்ஸ் இருக்கா அண்ணா?” என்று மட்டும் கேளுங்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 வருஷம் தாண்டிய தொல்பொருளை வைத்து வியாபாரம் செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. மாப்பிள்ளை துபாயில் இருந்தால் கூஜா இங்கேயேதான் கிடக்கும். கடைக்காரர் சொல்வது நிஜமென்றால் உரிமத்தைக் காட்டட்டும். இல்லையென்றால், “அவ்வளவு பழசெல்லாம் இல்லம்மா” என்று தானாக இறங்கி வருவார். அப்போது விலையையும் இறக்கச் சொல்லுங்கள். ஜமீன் வீட்டுச் சாமான் என்று இந்தப் பக்கத்தில் விற்கிற அத்தனையும் நிஜமென்றால், அந்தக் காலத்தில் கேழ்வரகு விதைக்க ஆளே இருந்திருக்காது.

இந்தப் பாத்திரங்கள் எங்கிருந்து வந்தன என்பது ரகசியமே இல்லை. எவர்சில்வர் வந்தபோது நம் வீடுகளில் அண்டா, தவலை, போசி, சொம்பு என்று எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுத் தள்ளினோம். உங்கள் பாட்டியும் போட்டிருப்பார். அதே அண்டா இப்போது மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு ‘ஆன்ட்டிக்’ என்கிறது. ஆகவே முதலில் சொந்த வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பழைய பாத்திரக் கடைக்குப் போங்கள். அங்கே கிலோவுக்குத்தான் விலை. கதைக்குத் தனி விலை கிடையாது.

கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பித்தளையில் ஒட்டாது, இரும்புக்கு முலாம் பூசியிருந்தால் ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் நனைத்து, மண்ணில் புதைத்து, புதுச் சாமானைப் பழசாக்குகிற வேலையும் நடக்கிறது. அப்படிச் செய்ததில் கருப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிந்திருக்கும். உண்மையில் புழங்கிய கூஜாவில் பிடியும் அடிப்பக்கமும் தேய்ந்து, இடுக்கில் மட்டும் அழுக்கு நிற்கும். குத்துவிளக்கின் தண்டைக் கழற்றிப் பாருங்கள். எடை கூட்ட உள்ளே எதையாவது அடைத்திருக்கலாம். கூஜாவில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

தங்கை அதில் சமைக்கப்போகிறார், புளியும் தயிரும் படும் என்றால் உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். பூசுவது வெள்ளீயமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் உடம்புக்கு விஷம். கூஜாவில் பெரிய ஒட்டு வேலை இருந்தால் அலமாரியில் வைப்பதோடு சரி, அதில் காபி வேண்டாம்.

பக்கத்துச் சேலத்துக் கல்சட்டியும் நல்ல பரிசு. ஏற்கெனவே பழக்கிய பழைய சட்டி கிடைத்தால் புதுசைவிட மேல். புதுசென்றால் வடித்த கஞ்சியைச் சில நாள் மாற்றி மாற்றி ஊற்றிப் பழக்கித்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். மரச் சாமானில் வண்டு துளையிட்ட மாவு உதிர்ந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். மான் கொம்பு, தந்தம் என்று எதையாவது நீட்டினால் இன்னும் வேகமாக வந்துவிடுங்கள். அவற்றை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அம்மா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பழைய பாத்திரத்தின் கழுத்தில் பெயர் வெட்டியிருக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சாமான் என்றால் தெலுங்கிலோ கன்னடத்திலோகூட இருக்கலாம். நமக்கு அது அழகு. சம்பந்தி வீட்டில் யாராவது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “இது யார் வீட்டுச் சீர்?” என்று சபையில் கேட்டால் அம்மா எங்கே போவார்? பெயரில்லாததாகப் பார்த்து எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, தங்கை பெயரை நீங்களே வெட்டிக் கொடுங்கள். புழங்கியது என்ற பேச்சு அதோடு முடியும்.

அந்த நடுகல்? ஊர் மாட்டைக் காக்கப் போராடியோ புலியோடு மோதியோ செத்தவனுக்கு நட்ட கல் அது. நம் மாவட்டங்களில் பல ஊர்களில் அதை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். யாரோ ஒருவரின் காட்டிலிருந்து பெயர்த்து வந்ததை, செருப்பு விடுகிற இடத்தில் வைக்கச் சொல்கிறார் உங்கள் கடைக்காரர். பழைய கற்சிலையைச் சொந்தமாக வைத்திருக்கவே பதிவுச் சான்று வேண்டும். மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். வாங்கினால் கடைக்காரரோடு சேர்ந்து நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். கூஜாவுக்கு பில் வாங்கிக்கொண்டு, வெளியே வந்ததும் தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் அந்தக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.