செயற்கைக்கோள் வானத்தில் எப்படித் திரும்புகிறது?

நம்ம மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற எஞ்சின்கள் செயற்கைக்கோளை மேலே கொண்டுபோய் விடுவதற்கு. சரி, போய்ச் சேர்ந்த பிறகு கேமரா பூமியைப் பார்க்கும்படி அதை யார் திருப்புவது? இந்த வேலைக்குத்தான் திசைக் கட்டுப்பாடு என்று பெயர்.

அங்கே ஊன்றித் திரும்பத் தரை இல்லை. அதனால் செயற்கைக்கோளின் வயிற்றுக்குள்ளேயே மோட்டாரில் ஓடும் கனமான சக்கரங்கள் இருக்கும். சக்கரம் வலப்பக்கம் வேகமெடுத்தால் உடம்பு மெதுவாக இடப்பக்கம் திரும்பும். மொத்தச் சுழற்சி மாறக் கூடாது என்பது இயற்கையின் கணக்கு. பாளையங்கோட்டை சலூனில் சுழல் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, நீட்டிய கைகளைச் சட்டென்று ஒரு பக்கம் வீசிப் பாருங்கள். நாற்காலி எதிர்ப்பக்கம் நகரும்.

தான் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைச் செயற்கைக்கோள் நட்சத்திரங்களைப் படம் பிடித்தே கண்டுபிடிக்கிறது, எவ்வளவு அழகான ஏற்பாடு! எல்லாத் திசைக்கும் 3 சக்கரமாவது வேண்டும். நாசாவின் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியில் 4 இருந்தன. 2013-ல் இரண்டாவது சக்கரமும் பழுதானதும் அதன் முதன்மைப் பணியே நின்றுபோனது. அப்புறம், சூரிய ஒளியின் சின்னத் தள்ளலைச் சக்கரங்கள் ஈடுகட்ட ஈடுகட்ட, அவற்றின் வேகம் எல்லைக்கு ஏறிவிடும். அதை இறக்கச் சிறு உந்துபொறிகளோ, பூமியின் காந்தப்புலமோ உதவும்.

முகத்தைத் திருப்பினால் பாதையும் வளையும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பாதை மாற வேண்டுமென்றால் உந்துபொறியை எரித்தாக வேண்டும்.