லோடு ஏத்துனா பின்பக்கம் தாழுது, குழில எறங்குனா குதிக்குது, பிக்கப் வண்டிக்கு பின்னாடி ஷாக் அப்சர்பர் வீட்லயே மாத்தலாமா, இல்ல ஒர்க்‌ஷாப்புக்கு தான் போணுமா?

பின்னாடி உள்ளதுன்னா தாராளமா மாத்தலாம். முன்னாடி காயில் ஸ்பிரிங்குக்கு நடுவுல ஷாக் இருக்க வண்டின்னா மட்டும் கை வைக்காண்டாம், அமுங்கி நிக்க ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே முடிச்சிரும், அத கடைக்காரன்கிட்டயே விட்டுருங்க.

ஆனா லோடு ஏத்துனா பின்பக்கம் தாழுது, குழில எறங்குனா குதிக்குதுன்னு ரெண்டையும் சேத்து கேட்டிருக்கீங்க. அது ரெண்டும் வேற வேற கேஸ். வெயிட்ட தாங்குறது பட்டை (அடுக்கடுக்கா இருக்க லீஃப் ஸ்பிரிங்), ஷாக் இல்ல. ஷாக்குக்குள்ள எண்ணெய் சின்ன ஓட்டை வழியா போயி வரும், பட்டை ஆடுற ஆட்டத்த அது சூடா மாத்தி அடக்கும், அவ்வளவுதான் அதுக்கு வேலை. அதனால தாழுறதுக்கு புது ஷாக் போட்டா காசு தான் போகும், பட்டையதான் பாக்கணும். குதிக்குறது ஷாக் வேலை. கீழ குனிஞ்சு பாருங்க, ஷாக் மேல எண்ணெய் வழிஞ்சு புழுதி அப்பியிருந்தா, இல்ல டயர் திட்டு திட்டா தேஞ்சிருந்தா அது போச்சு. லேசா ஈரப்பசை தெரியுறத வச்சு முடிவு பண்ணாண்டாம்.

வேலைல கஷ்டமே கழத்துறது தான். குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம்னு மீன் லோடு அடிக்க வண்டின்னா சொல்லவே வேண்டாம், ஐஸ் தண்ணி உப்போட சேந்து சொட்டி சொட்டி கீழ் போல்ட், ஷாக் முனைல இருக்க ரப்பர் புஷ்ஷுக்குள்ள உள்ள இரும்பு குழாயோட ஒட்டிப்போய் கெடக்கும், நட்டு கழண்டாலும் போல்ட் வராது. முந்தின நாள் ராத்திரியே கம்பி பிரஷ் போட்டு துரு தட்டிட்டு துரு இளக்குற எண்ணெய் அடிச்சு விடுங்க, காலைல இன்னொரு தடவ. நட்ட பாதி திருப்பி விட்டுட்டு அது மேல சுத்தியல் போடுங்க, மரை கெடாது. அதுக்கும் அசையலேன்னா கிரைண்டர் வச்சு போல்ட் தலைய அறுக்கலாம், எண்ணெயோட கேஸும் அடைச்ச கேஸ் ஷாக்குன்னா பாடில மட்டும் கிரைண்டர் படக்கூடாது, உள்ள பிரஷர் இருக்கு. கேஸ் வெல்டிங் கொண்டு சூடு காட்டுறதும் வேண்டாம், பக்கத்துலயே பிரேக் ஹோஸ் போகுது.

பட்டை வண்டில வீல கழத்தவோ வண்டிய தூக்கவோ பெரும்பாலும் தேவையே இல்ல, கீழ எடம் இருக்கும். வண்டிய சமதரைல நிப்பாட்டி கியர்ல போட்டு வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை குடுங்க. குலசேகரம், அருமனை பக்கம் பல வீட்ல முத்தமே சரிவாத்தான் இருக்கும், அங்க இந்த வேலையே வேண்டாம். தூக்கியே ஆகணும்னா வண்டிய தாங்குற இரும்பு ஸ்டாண்ட் போடுங்க. ஜாக்கிய மட்டும் நம்பி, இல்ல செங்கல் அடுக்கி அடில போறவன பாத்தா எனக்கு கோவம்தான் வரும், செங்கல் ஒரே நொடில நொறுங்கிரும்.

புதுசு வாங்கும்போது பழசையும் கொண்டு போய் நீளம், போல்ட் போற கண்ணு சைஸ் ஒத்து பாருங்க. ஒரு பக்கம் தான் போயிருக்குன்னாலும் ஜோடியா மாத்துங்க, இல்லேன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது. எண்ணெய் ஷாக்குன்னா நேரா நிறுத்தி வச்சு அஞ்சாறு தடவ இழுத்து அமுக்கிட்டு மாட்டுங்க, உள் குழாய்ல மாட்டுன காத்து வெளிக் குழாய்க்கு ஒதுங்கிரும். கேஸ் ஷாக் அமுக்கி வாருல கட்டி வரும், மேல் போல்ட் மாட்டுற வர அத அறுக்காதீங்க. ஷாக்குக்குள்ள போயி வர்ற நடு கம்பிய பிளேயர் வச்சு பிடிக்கவே கூடாது, சின்ன கீறல் விழுந்தாலே சீல் போயிரும். புஷ் உள்ள போகலேன்னா சோப்பு தண்ணி போதும், கிரீஸ் ரப்பர ஊற வச்சிரும்.

கடைசி முறுக்கு வண்டி தன் வெயிட்டுல வீல்ல நிக்கும்போது தான். தூக்கி வச்சு முறுக்குனா எறக்குனதும் புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும். லாக் நட்டு புதுசா போடுங்க, போல்ட் தண்டுல மட்டும் லேசா கிரீஸ் தடவுங்க, அடுத்த தடவ கழத்துறவன் வாழ்த்துவான். நாலஞ்சு லோடு அடிச்ச பெறவு ஸ்பேனர் வச்சு ஒருக்கா இறுக்கம் பாத்துக்கிடுங்க, மீன் லோடுன்னா எறக்குன அன்னைக்கே அடில நல்ல தண்ணி பீச்சி விடுங்க.