கரோக்கே பாடும்போது மேலே போனால் குரல் உடைகிறது. குரலை எப்படி வளர்ப்பது?

நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கலியாண வீடுகளிலும் நண்பர்களின் விருந்துகளிலும் கரோக்கே பாடுகிறாராம். பல்லவி நன்றாக வருகிறது, சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் உடைந்துவிடுகிறது. குளிர் மாதங்களில் தொண்டையும் கட்டிக்கொள்கிறது. என்ன பயிற்சி செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, நான் ஹட்டன் பக்கம் கோயில் பஜனையிலும் விசேஷ வீடுகளிலும் பல வருஷமாகப் பாடுகிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பாடும் டிராக் எந்தக் கட்டையில், அதாவது எந்த அடிப்படைச் சுருதியில், இருக்கிறது என்று பார்த்தீர்களா? கரோக்கே டிராக்குகள் பெரும்பாலும் சினிமாவில் பாடியவரின் சுருதியிலேயே வருகின்றன. அந்தப் பாடகரின் தொண்டைக்குப் பொருந்திய கட்டை அது. உங்கள் தொண்டைக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. என்னிடம் "எனக்குக் குரலே இல்லை" என்று சொல்லி வந்த பலருக்கும் குரல் நன்றாகத்தான் இருந்தது. கட்டைதான் பொருந்தவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து, அதாவது மன்மதன் கதையைப் பாடி ஆடும் கூத்து, நடக்கும்போது பாருங்கள். பாடுகிறவர் தனக்கு வசதியான இடத்தில் பாட்டை எடுப்பார், தப்பு மேளம் அவரோடு சேர்ந்துகொள்ளும். யாரும் அவருக்குச் சுருதி கொடுத்து "இதில்தான் பாடு" என்று சொல்வதில்லை. அதனால்தான் விடிய விடியப் பாட முடிகிறது. அந்த உரிமையைக் கரோக்கேயிலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எப்படி என்றால், முதலில் டிராக் இல்லாமல் சும்மா பாடுங்கள். சரணத்தின் உச்சி இடத்திலிருந்தே தொடங்குங்கள். அந்த இடம் கத்தாமல், கழுத்து நரம்பு புடைக்காமல் வரும்வரை இறக்கிக்கொண்டே வாருங்கள். வந்ததும் அதே சுருதியில் பல்லவியைப் பாடிப் பாருங்கள். கீழ்ச் சுரங்களும் கேட்கும்படி வந்தால் அதுதான் உங்கள் கட்டை. பிறகு கரோக்கே ஆப்பிலோ மெஷினிலோ 'கீ' என்று இருக்கும் பொத்தானால் டிராக்கை அங்கே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு எண்ணும் ஓர் அரைச்சுரம், ஒரு ஸ்தாயிக்கு, அதாவது கீழ் ச-விலிருந்து மேல் ச வரை, 12 அரைச்சுரம். 5 கட்டைக்கும் 4 கட்டைக்கும் இடையே 2 அரைச்சுரம் என்பதால், 5 கட்டையில் இருக்கும் பாட்டை மைனஸ் 2 வைத்தால் 4 கட்டைக்கு வரும். மூன்று, நான்குக்கு மேல் இறக்கினால் தபேலாவும் டிரம்ஸும் ஊமையடித்தது போலக் கேட்கும், அப்போது வேறு பாட்டைத் தேடுவது நல்லது. ஆண் பாடிய தனிப்பாட்டைப் பெண்கள் பாடுவதென்றால் இந்தக் கணக்குப் போதாது. கச்சேரிகளில் ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் 5, 6 கட்டைப் பக்கம். இடைவெளி அவ்வளவு பெரியது. பெண் குரலுக்கென்று செய்த டிராக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது பயிற்சி. நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஸ்ட்ரோ பயிற்சி. அரைக் கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை இரண்டு விரல் ஆழத்துக்கு விட்டு, குமிழி வரும்படி 'ஊ' என்று ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே குரலை வழுக்க விடுங்கள். ஐந்து நிமிஷம் போதும். தண்ணீர் கொடுக்கும் எதிர் அழுத்தத்தால் குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிர்கின்றன. உடைகிற இடத்தை அலுங்காமல் கடக்கப் பழக இதைவிடச் சுலபமான வழியை நான் பார்க்கவில்லை. அப்புறம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பச் சுரப் பாடம், மெதுவாக, தம்புரா ஆப் போட்டுக்கொண்டு. சுருதி சேர்வதற்கு அது ஒன்றே போதும், கரோக்கே பாடுகிறவருக்கும்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் முதல் பெப்ரவரி வரை இரவில் 10 பாகைக்குக் கீழே போவது சாதாரணம், சில நாள் புல்லில் உறைபனியும் விழும். அந்தக் காற்றை வாயால் இழுத்தால் தொண்டை காயும். மூக்கால் இழுத்தால் உள்ளே போவதற்குள் சூடாகி ஈரமாகிவிடும். மண்டபத்துக்கு ஏற்றம் ஏறி வந்தவுடனே மைக்கைப் பிடிக்காதீர்கள், மூச்சு அடங்கட்டும். கழுத்தில் மப்ளர் இருக்கட்டும்.

கொத்தமல்லித் தண்ணி, இஞ்சி பிளேன்டி எல்லாம் இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் குடிப்பது எதுவும் குரல் நாண் மேல் படுவதில்லை, அது உணவுக் குழாய் வழியாகப் போய்விடும். உடம்பில் ஈரம் சேர்ந்துதான் நாணுக்குப் போக வேண்டும். ஆகவே மேடையில் ஒரு மடக்கு குடிப்பதைவிடக் காலையிலிருந்தே தண்ணீர் குடித்து வருவதுதான் உதவும். ஆவி பிடித்தால் அது நேரே போய்ச் சேரும். அடிக்கடி செருமுவதை நிறுத்துங்கள், ஒவ்வொரு செருமலும் நாண்களை மோத வைக்கிறது. செருமத் தோன்றினால் எச்சிலை விழுங்குங்கள்.

மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தூரத்தில் வையுங்கள். உச்சத்தில் கொஞ்சம் விலக்குங்கள். வலைத் தலையைக் கையால் பொத்தினால் கூ என்று ஊளையிடும். புளூடூத் ஸ்பீக்கரில் பாடினால் சத்தம் கொஞ்சம் பிந்தி வரும், அதைக் கேட்டுப் பாடினால் தாளம் தவறும். வயர் போட்டுப் பாடுங்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. பல கரோக்கே வீடியோக்களில் தமிழ் வரிகள் ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன. அதைப் பார்த்துப் பாடும் பிள்ளைகளுக்கு ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன, நல்ல குரலும் அங்கே எடுபடாமல் போகிறது. பாட்டை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், மூச்சு எடுக்கும் இடங்களில் ஒரு கோடு போடுங்கள். திரையைப் பார்க்காமல் பாடும் அளவுக்கு மனப்பாடம் ஆன பிறகு மேடைக்கு வாருங்கள். நடுவில் போனில் பதிவு செய்து கேளுங்கள். பாடும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது, மற்றவர்களுக்குக் கேட்பது பதிவில் இருப்பதுதான்.

தடிமன் பிடித்திருக்கும் நாளில் பாட வேண்டாம், குசுகுசுவென்று பேசவும் வேண்டாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரவென்றே இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.