குற்றவியல் பட்டதாரிக்கு என்ன செய்யத் தெரியும்?

கேள்வி: திருநெல்வேலியில் குற்றவியல் முதுகலை முடித்து ஓராண்டு ஆகிறது. இரண்டு நேர்காணல்களில் "உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்?" என்று கேட்டார்கள், பதில் சொல்லத் தெரியாமல் திரும்பினேன். தடய அறிவியலில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாமா, அல்லது சட்டம் படிக்கலாமா?
- வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அந்தக் கேள்வி உங்களை அவமதிப்பதற்காகக் கேட்கப்பட்டதன்று. குற்றம் ஏன் நிகழ்கிறது, சமூகம் அதை எப்படிக் கையாள்கிறது என்று ஆராயும் இந்தப் பாடம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1960-களிலேயே கற்பிக்கத் தொடங்கியதுதான் என்றாலும், குற்றவியல் என்ற சொல்லைக் கேட்டதும் வக்கீலா, போலீஸா என்று கேட்பவர்களே இன்னும் அதிகம். எனவே அதை விளக்கிச் சொல்லும் சுமை உங்கள் தலையில்தான் விழுகிறது.

சான்றிதழ்ப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற வழக்கு நடைமுறைச் சட்டம், ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வர வேண்டும் என்கிறது. அதைக் காட்டித்தான் இத்தகைய படிப்புகளுக்கு இப்போது விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் ஆய்வகப் பணிகளுக்குப் பொதுவாகக் கேட்கப்படுவது வேதியியல், உயிரியல், தடய அறிவியல் போன்ற அறிவியல் பட்டங்களே. அந்த அடித்தளம் இல்லாதவருக்கு ஆறு மாதப் படிப்பு அதை ஈடுகட்டாது.

உங்கள் படிப்புக்கு மிக நெருக்கமான வேலை எது என்று கேட்டால், இளைஞர் நீதி அமைப்பைத்தான் சுட்டுவேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயதுக்குட்பட்ட ஒருவர் பிடிபட்டால், அவருடைய குடும்பப் பின்னணியையும் முந்தைய வாழ்க்கையையும் விசாரித்து, நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரங்களுக்குள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குச் சமூக விசாரணை அறிக்கை அளிக்க வேண்டும். வகுப்பில் நீங்கள் படித்த கோட்பாடுகள் எல்லாம் வந்து சேரும் இடம் இந்த அறிக்கைதான். பையன் பள்ளியை விட்டு நின்றது எந்த மாதம், அப்போது வீட்டில் என்ன நடந்தது, யாருடன் பழகினான், ஊரில் அவனை ஏற்றுக்கொள்ளக்கூடியவர் யார் என்பவற்றை அம்மாவிடமும் ஆசிரியரிடமும் தனித்தனியே கேட்டு, அவர்கள் சொன்னதையும் நீங்கள் கண்டதையும் உங்கள் கருத்தையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுதுவது எளிதன்று. முதுகலைத் தேர்வில் இருபது பக்கம் எழுதியவர்கள்கூட இந்த மூன்று பக்கத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ, குழந்தைகளுக்காகப் பணிபுரியும் தொண்டு நிறுவனத்திலோ மூன்று மாதம் பயிற்சிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள். ஊதியம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, பேருந்துச் செலவாவது கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்துக்கான மாதிரி விதிகளின் இணைப்பிலுள்ள சமூக விசாரணை அறிக்கைப் படிவத்தை வைத்து, கற்பனை வழக்குகளில் எழுதிப் பழகுங்கள். உண்மைக் குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ நேர்காணலில்கூட வெளியிடக் கூடாது. சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால், அங்கே உங்களுக்கென்று தனி முன்னுரிமையை எதிர்பார்க்காதீர்கள். வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவுகளில் வாய்ப்பு உண்டு. இணையப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு வரும் புகாரில் பணம் எந்தக் கணக்குகள் வழியாக நகர்கிறது என்பதை விளக்கத் தெரிந்தவரை அவை மதிக்கும். அதற்குக் கணக்கு அட்டவணைகளைக் கையாளும் பழக்கம் வேண்டும்.

சட்டப் படிப்பு பற்றிக் கேட்டீர்கள். மாவட்ட அலகுகளில் உள்ள சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் பணிக்குச் சட்டப் பட்டம் கேட்கிறார்கள். அதே அலகுகளின் பாதுகாப்பு அலுவலர் பணிக்கான அறிவிக்கைகளிலோ சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்ற பெயர்கள்தான் பெரும்பாலும் வரிசையாக வருகின்றன. ஆகவே மூன்றாண்டுச் செலவை வீடு தாங்குமானால் சட்டம் படிப்பது பொருத்தமான முடிவு. தாங்காதெனில் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு, அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்குள் முடிவெடுங்கள்.