25 ஆயிரத்துக்குள் கேமிங்குக்கு வளைந்த அல்ட்ராவைட் மானிட்டர்: எதை வாங்கலாம்?

"ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையில் இருக்கிறேன், கையில் 25,000 ரூபாய் இருக்கிறது, ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர், கேம் விளையாட வளைந்த அல்ட்ராவைட் (வழக்கமான 16:9ஐவிட அகலமான 21:9) மானிட்டர் வாங்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வந்த பதில்களில் ஒருவர் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் நேரில் பார்த்து வாங்கச் சொல்கிறார். இன்னொருவர், "தண்ணியில்லாக் காட்டில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதற்கு" என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். அப்பா விசைப்படகில் டிரைவர். இந்த மூன்று வருடத்தில் இரண்டு அல்ட்ராவைட் வாங்கியவன், அதில் ஒன்றில் பணத்தை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மானிட்டர் நிபுணன் இல்லை, எந்தக் கடையும் எனக்குக் கமிஷன் தரவில்லை.

2022 டிசம்பரில் முதல் மானிட்டர் வாங்கினேன். 34 அங்குலம், வளைந்தது, 75 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 75 முறை படம் மாறும்), 17,500 ரூபாய். 34 அங்குலம் அந்த விலையில் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் ரெசல்யூஷனைச் சரியாகப் பார்க்கவில்லை. 2560×1080. அதாவது உயரத்தில் சாதாரண ஃபுல் எச்டி மானிட்டரில் இருக்கும் அதே 1080 புள்ளிகள்தான். ஆனால் 34 அங்குல அல்ட்ராவைட்டின் உயரம் கிட்டத்தட்ட ஒரு 27 அங்குல மானிட்டரின் உயரம். அவ்வளவு உயரத்தில் 1080 புள்ளிகளைப் பரப்பினால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்கூட வராது. உங்கள் வீட்டில் 24 அங்குல ஃபுல் எச்டி இருந்தால் அதில் 92 இருக்கும். பெட்டியைப் பிரித்துப் போட்டதுமே எழுத்துகளின் ஓரம் பிசிறடித்தது. எடிட்டிங் டைம்லைன் நீளமாகத் தெரிந்தது என்னவோ உண்மைதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் கண் எரிந்தது.

இரண்டாவது பிரச்சினையைக் கண்டுபிடித்தது அப்பா. நான் அப்போது யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாடிக்கொண்டிருந்தேன், ராத்திரி ஓட்டம். பின்னால் நின்று பார்த்தவர், "இருட்டுல கோடு கோடா இழுக்குதே தம்பி, எல்லா லாரிக்கும் இப்படியா?" என்று கேட்டார். இருட்டுக் கடலில் எதிர்ப்படகின் விளக்கை வைத்துத் தூரம் கணிக்கிறவர் கண்ணுக்கு அது உடனே பட்டுவிட்டது. எனக்கு அவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. விலை குறைந்த வளைந்த அல்ட்ராவைட் எல்லாமே அநேகமாக விஏ என்ற வகைத் திரை, அதாவது விஏ பேனல்தான். கறுப்பு நன்றாக ஆழமாகத் தெரியும். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) சுமார் 1000:1 என்றால் இதில் 3000:1 வரை வரும். ஆனால் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுவதில் பழைய விஏ பேனல்கள் மெதுவானவை. இருட்டுக் காட்சியில் எது நகர்ந்தாலும் பின்னால் நிழல் இழுக்கும். பெட்டியில் போட்டிருக்கும் "1 மில்லிசெகண்ட்" என்ற நிறம் மாறும் வேகத்தை நம்பி வாங்காதீர்கள். அந்த மாடலில் ராத்திரிக் காட்சி ஓடும் வீடியோ ஏதாவது கிடைத்தால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதுதான் என்னை நோகடித்தது. வாங்கி ஒன்பதாவது மாதம், கச்சான் காற்று அடிக்கிற சமயம். மானிட்டர் ஒருநாள் சிக்னல் இல்லை என்றது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் எச்டிஎம்ஐ துளைக்குள் பச்சைக் களிம்பு. எங்கள் வீட்டிலிருந்து கடல் முந்நூறு அடி இருக்கும். மேசை கடல் பக்க ஜன்னலை ஒட்டி இருந்தது, காற்று வரட்டும் என்று நான்தான் அங்கே போட்டிருந்தேன். வாரன்டி மூன்று வருடம் இருந்தது. போன் செய்தால், பாம்பன் பாலம் தாண்டி வீட்டுக்கு வரும் சர்வீஸ் கிடையாது, மதுரைக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். அப்போது பழைய பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்தது. 2022 டிசம்பரில் நின்ற ரயில் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகுதான் தீவுக்குள் திரும்ப வந்தது. ஆக, அந்தப் பெரிய பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றி, இருக்கைக்குப் பக்கத்தில் நடைபாதையில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டே 160 கிலோமீட்டர் போனேன். அங்கே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "துரு பிடித்திருக்கிறது, இது வாரன்டியில் வராது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதே பெட்டியோடு அதே பஸ்ஸில் திரும்பினேன். கடலோரத்தில் குடியிருப்பது வாடிக்கையாளர் செய்த குற்றமா? துருவுக்குப் பொறுப்பில்லை என்றால் விற்கும்போதே பெரிதாக எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கோபத்தில் இருப்பவனுக்குத்தான் "தண்ணியில்லாக் காடு" என்பது கண்ணில் படுகிறது. மானிட்டருக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமென்றால் "ராமநாதபுரத்துக்கு மாற்றிவிடுவேன்" என்பது தமிழ்நாட்டில் ஒரு வழக்கமான வசனம். எங்கள் ஊரை எத்தனை தலைமுறைக்குத் தண்டனையாகவே சொல்வீர்கள்? இதே மாவட்டத்தில் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. எந்த வெயிலைக் காட்டிப் பயமுறுத்தினார்களோ அந்த வெயில் கொடுக்கிற கரன்டு அது. ராமேசுவரம், மண்டபம் படகுகள் கொண்டுவரும் இறாலும் கணவாயும் நண்டும் எங்கெங்கோ ஏற்றுமதி ஆகின்றன. அந்தக் காசில் ஒருவர் மானிட்டர் வாங்கினால் மட்டும் ஏன் கண் உறுத்துகிறது? தடைக்காலத்தில் மீனவர் வீட்டுப் பிள்ளை கையில் கேம் கன்ட்ரோலரைப் பார்த்தால் சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கட்டிக் கிடக்கும்போது பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து விளையாடுவதில் என்ன கெட்டுப்போகிறது என்று எனக்குப் புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் 3050 கார்டுதான் இங்கே முடிவு செய்ய வேண்டிய ஆள். ஃபுல் எச்டியில் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சம். 2560×1080இல் 27.6 லட்சம். 3440×1440 என்றால் 49.5 லட்சம், அதாவது ஃபுல் எச்டியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் 3050ஐ வைத்துக்கொண்டு 3440×1440க்குப் போனால் புதிய பெரிய கேம்களில் மூச்சு வாங்கும். டிஎல்எஸ்எஸ் (குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கும் வசதி) இருக்கிறது, செட்டிங்ஸைக் குறைக்கலாம், ஓரளவு சமாளிக்கும். கார்டை இரண்டு வருடத்துக்குள் மாற்றும் எண்ணம் உண்டென்றால் 3440×1440ஐயே வாங்குங்கள். ஏனென்றால் கார்டு மாறும், மானிட்டர் ஆறேழு வருடம் கூடவே இருக்கும்.

கார்டு மாறாது என்றால் 30 அங்குலத்தில் 2560×1080 வளைந்தது தேடுங்கள். 30 அங்குலத்தில் அதே புள்ளிகள் நெருங்கி, அங்குலத்துக்கு 92க்கு மேல் வரும், 24 அங்குல ஃபுல் எச்டி அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதிலேயே 200 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கிறது. 29 அங்குலத்திலும் அல்ட்ராவைட் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் தட்டையானவை, உயரமும் ஒரு 23 அங்குல மானிட்டர் அளவுதான். நான் வாங்கிய மாதிரி 34 அங்குலத்தில் 1080 மட்டும் வேண்டவே வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி போட்டாலும்.

வளைவைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். 1500 ஆர் என்றால் 1500 மில்லிமீட்டர் ஆரம் உள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். 1800 ஆரில் மெல்லிசாகத் தெரியும், 1000 ஆரில் நன்றாகவே சூழ்ந்துகொள்ளும். ஒருவர் மட்டும் நடுவில் உட்கார்ந்து விளையாட 1500 நல்ல அளவு. வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்து அதிலேயே படம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் வளைவு உதவாது.

எந்த கேம் விளையாடுகிறீர்கள் என்று எழுதவில்லை. வாலரன்ட் மட்டும்தான் என்றால் அல்ட்ராவைட்டே வேண்டாம், அது இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போட்டுவிட்டு 16:9இல்தான் ஓடும். எல்டன் ரிங்கும் அப்படித்தான். பிளேஸ்டேஷன் 5ஐ இதில் மாட்டலாம் என்ற நினைப்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள், அதற்கு 21:9 தெரியாது. இதற்கெல்லாம் 27 அங்குல 1440 தட்டை மானிட்டர்தான் சரி. அல்ட்ராவைட்டே வீண் என்று மேலே எழுதியவர்கள் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள் என்றால் நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஓட்டுகிற கேம், பறக்கிற கேம், திறந்த வெளியில் சுற்றுகிற கேம் என்றால் கதையே வேறு. ஃபோர்ஸா ஹொரைசன், ஜிடிஏ 5, நான் சொன்ன டிரக் கேம் எல்லாம் முழு அகலத்துக்கும் விரியும்.

விலை பார்க்கும்போது பழைய பதில்களை நம்பாதீர்கள். முன்பு 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். 128 ரூபாயாக இருந்தது 118 ஆன மாதிரி. அதற்காகவே காத்திருந்து அந்த அக்டோபரில் நான் இரண்டாவதை வாங்கினேன். 34 அங்குலம், 3440×1440, 1500 ஆர், 26,800 ரூபாய். என் கார்டு 3060. இதுவும் விஏதான், நிழல் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெனுவில் ஓவர்டிரைவை (புள்ளிகளை வேகமாக மாற வைக்கும் வசதி) நடுவில் வைத்த பிறகு ராத்திரி ஓட்டத்தில் தொந்தரவு தரவில்லை. முதல் இரண்டு நாள் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவில்லை, பெட்டியோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளைத்தான் மாட்டியிருந்தேன். எச்டிஎம்ஐ 2.0 அந்த ரெசல்யூஷனில் அவ்வளவுதான் தாங்கும். டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு வகைக் கேபிள் தனியாக வாங்கியதும் 144 வந்தது. ஃபிரீசிங்க் (கார்டின் வேகத்துக்குத் திரையும் மாறும் வசதி) உள்ள மானிட்டரை உங்கள் என்விடியா கார்டோடு ஒத்து ஓட வைக்கவும் டிஸ்பிளேபோர்ட்டையே பயன்படுத்துங்கள்.

நவம்பர் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்து, படகு கடலுக்குப் போக டோக்கன் கொடுக்காததால் அப்பா நாலைந்து நாள் வீட்டில் இருந்தார். ஒரு ராத்திரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நானே கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். முதலில் வேண்டாம் என்றவர், லாரியை ரோட்டில் ஏற்றினதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "தலையைத் திருப்பாமலே ரெண்டு பக்கமும் தெரியுதே தம்பி. வீல்ஹவுஸ்ல நிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். முப்பது வருடமாகப் படகின் வீல்ஹவுஸில் நின்று இடது வலது எல்லாம் கண்ணோரத்திலேயே பார்த்துப் பழகியவர் அவர். அல்ட்ராவைட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது. அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை ஓட்டினார்.

உப்புக்காற்றுக்கு நான் இப்போது செய்வதையும் சொல்லிவிடுகிறேன், கீழக்கரையிலும் இது பொருந்தும். மேசையைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றிவிட்டேன். பயன்படுத்தாத துளைகளில் ரப்பர் மூடி. மாதம் ஒருமுறை கேபிளைக் கழற்றி கான்டாக்ட் கிளீனர் அடிக்கிறேன். தினமும் கொஞ்ச நேரமாவது மானிட்டரை ஓட விடுகிறேன், சூட்டில் ஈரம் தங்காது. அடாப்டர் வெளியே தனியாக இருக்கிற மாடலாகப் பார்த்து எடுத்தேன்; போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். யுபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள்.

உங்கள் வீட்டில் யாராவது துபாயிலோ சவூதியிலோ இருப்பார்கள், அங்கிருந்து கொண்டுவரச் சொல்லலாம் என்று தோன்றும். வேண்டாம். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டி கிடைப்பது பெரும்பாலும் கஷ்டம், இந்த அளவுப் பெட்டி விமானத்தில் அடிபடாமல் வருவதும் கஷ்டம். இங்கேயே வாங்குங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா என்று கேளுங்கள். முடிந்தால் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதை முழுசாக வீடியோ எடுங்கள்.

3050இல் 6 ஜிபியா 8 ஜிபியா என்பதையும், மேசையின் ஆழம் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் கீழே எழுதுங்கள். 34 அங்குலம் அகலத்தில் 80 சென்டிமீட்டர் வரும், அதன் கால்களும் மேசையில் நிறைய இடம் பிடிக்கும். 60க்குக் குறைந்த ஆழம் என்றால் 30 அங்குலத்துக்கே போய்விடலாம்.